ஜூம்லாவின் (இணையதளம் உருவாக்கும் மென்பொருள்) செஷன் டேபிளில், அதாவது பார்வையாளரின் தற்காலிகத் தகவல் இருக்கும் டேபிளில், உள்ள தரவை அன்சீரியலைஸ் செய்தால் (எழுத்துச்சரமாகச் சேமித்ததை மறுபடி தரவாக மாற்றினால்) ஃபால்ஸ் வருகிறது. எப்படிப் படிப்பது?

உங்கள் தரவு கெட்டுப்போகவில்லை. அன்சீரியலைஸ் எதிர்பார்க்கும் வடிவத்தில் அது இல்லை, அவ்வளவுதான்.

டேபிளில் டேட்டா என்ற நெடுவரிசையில் (column) இருப்பதன் தொடக்கத்தைப் பாருங்கள். ஜூம்லா என்ற பெயர், ஒரு செங்குத்துக் கோடு, அதற்குப் பிறகுதான் எஸ் என்ற எழுத்தும் ஓர் எண்ணும் வரும். பிஎச்பி தன் வழக்கமான முறையில் செஷனை எழுதும்போது சாவியின் பெயரை வெளியே வைத்துக் கோடு போட்டு, மதிப்பை மட்டும் சீரியலைஸ் செய்கிறது. முன்னால் நிற்கும் அந்தப் பெயரிலேயே அன்சீரியலைஸ் தடுக்கி நின்றுவிடும்.

முதல் கோட்டுக்குப் பின்னால் இருப்பதை மட்டும் எடுத்து அன்சீரியலைஸ் செய்தால் ஒரு நீளமான எழுத்துச்சரம் கிடைக்கும். அது பேஸ்64, அதாவது எந்தத் தரவையும் சாதாரண எழுத்துகளாலேயே எழுதும் முறை. அதை டீகோட் செய்தால் உள்ளே இன்னொரு சீரியலைஸ் செய்த தரவு: ஜூம்லா தன் மதிப்புகளைச் சேர்த்து வைக்கும் ரெஜிஸ்ட்ரி ஆப்ஜெக்ட். ஆக மொத்தம் மூன்று படி. பலர் இரண்டாவது படியிலேயே குப்பை என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள்.

கோட்டில் வெட்டுவது இங்கே சரிப்படுவதற்குக் காரணம், ஒரே சாவி இருப்பதும் பேஸ்64-இல் அந்தக் கோடு வராததும்தான். பல சாவிகள் உள்ள வேறு தளங்களில் இதைச் செய்யாதீர்கள். மதிப்புக்குள்ளேயே கோடு இருக்கலாம். அங்கே பிஎச்பியின் செஷன் டீகோட் (session_decode) ஃபங்ஷன்தான் சரி. ஆனால் அது நடப்புச் செஷனுக்குள்ளேயே தரவைக் கொட்டும். ஒரு முறை நான் அதைக் கவனிக்காமல், இன்னொருவரின் கூடையிலிருந்த பொருட்கள் என் செஷனில் பதிந்துவிட்டன. தனி ஸ்கிரிப்டில் செய்யுங்கள். தேவையானதை நகலெடுத்ததும், மாற்றங்களைச் சேமிக்காமல் செஷனை முடிக்கும் session_abort ஃபங்ஷனைக் கூப்பிடுங்கள். பிஎச்பி 5.6 முதல் அது இருக்கிறது.

இன்னொன்று: எஸ்-க்குப் பிறகு வரும் எண் எழுத்துக் கணக்கு இல்லை, பைட் கணக்கு. யூடிஎஃப்-8-இல் 'அம்மா' 15 பைட். கையால் திருத்தினால் எண் பொருந்தாமல் மறுபடி ஃபால்ஸ்தான்.

பாதுகாப்பைப் பற்றி அழுத்தியே சொல்கிறேன். செஷனில் பார்வையாளர் அனுப்பியதும் கலந்திருக்கும். 2015 டிசம்பரில் ஜூம்லா 3.4.6 அவசரமாக வந்ததே இதனால்தான்: பிரவுசர் தன் பெயராக அனுப்பும் வரி அப்படியே செஷனில் சேமிக்கப்பட்டது, அதன் வழியாக ஆப்ஜெக்டைப் புகுத்தி சர்வரையே கைப்பற்ற முடிந்தது. எனவே கடைசிப் படியில் அன்சீரியலைஸின் இரண்டாவது வாதத்தில் அனுமதிக்கும் கிளாஸ் எதுவும் இல்லை என்று கொடுங்கள். பிஎச்பி 7 முதல் இந்த வசதி உண்டு. முழுமையற்ற கிளாஸ் என்ற பெயரோடு ஆப்ஜெக்ட் வரும். பயப்பட வேண்டாம், மதிப்பை அச்சிட்டுக் காட்டும் வார் டம்ப்பில் (var_dump) உள்ளே இருப்பது எல்லாம் தெரியும்.

சரி, உங்களுக்கு இவ்வளவும் தேவையா? யார் லாகின் செய்திருக்கிறார்கள் என்பது மட்டும் போதுமென்றால் அதே டேபிளில் பயனர் எண், பயனர் பெயர், விருந்தினரா, கடைசி நேரம் எல்லாம் தனித்தனி நெடுவரிசையாகவே இருக்கின்றன. ஒரு சாதாரண செலக்ட் போதும். டேட்டா நெடுவரிசை காலியாக இருந்தால் குளோபல் கான்ஃபிகரேஷனில் செஷன் ஹேண்ட்லரை (செஷன் எங்கே சேமிக்கப்படும் என்ற அமைப்பை) பாருங்கள். டேட்டாபேஸ் அல்லாத வேறொன்று அங்கே தேர்வாகியிருக்கலாம்.