பாட்டையாவின் கொழும்புப் படம்: தேவகோட்டைத் தம்பிக்கு ஒரு பதில்

வேலைக்காகக் கொழும்பு வந்து வெள்ளவத்தையில் அறை எடுத்திருக்கும் தேவகோட்டைத் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். அவர் வீட்டில் பாட்டையாவின் பழைய போட்டோ ஒன்று இருக்கிறதாம். ஒரு கடை வாசலில் ஆண்கள் மட்டும் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள், பின்பக்கம் 'கொழும்பு' என்று மட்டும் எழுதியிருக்கிறது. இவர்கள் இங்கே எப்படி வாழ்ந்தார்கள், அந்த வாழ்க்கையில் ஏதாவது மிஞ்சியிருக்கிறதா, இந்த ஊர் எனக்கு இன்னும் ஒட்டவில்லையே, என்ன செய்வது என்று கேட்கிறார்.

தம்பி, நானும் காரைக்குடிப் பக்கம்தான். கல்யாணத்துக்குப் பிறகு கொட்டாஞ்சேனையில் குடியேறி, பிள்ளைகளை இங்கேயே படிக்க வைத்தேன். உங்கள் கேள்விக்குப் பதில் அந்தப் படத்திலேயே பாதி இருக்கிறது.

முதலில், பெண்கள் ஏன் இல்லை? நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், இங்கே குடும்பத்தோடு வரவில்லை. கடைப் பொறுப்பைப் பார்க்கும் மேலாள், அவருக்கு அடுத்த நிலையில் அடுத்தாள், தொழில் பழகும் பெட்டியடிப் பையன் என்று ஆண்கள் மட்டும் வந்தார்கள். பொதுவாக மூன்று வருஷக் கணக்கு. கணக்கு முடிந்தால் ஊருக்குப் போவார்கள், பிறகு திரும்பி வருவார்கள். கடையும் தங்குமிடமுமான கிட்டங்கியிலேயே தொழில், கிட்டங்கியிலேயே சாப்பாடு, இரவில் அங்கேயே பாய். ஆச்சிமார் செட்டிநாட்டில் பெரிய வீட்டைக் காத்துக்கொண்டு இருந்தார்கள். கொழும்பில் எடுத்த படம் கப்பலும் ரயிலும் ஏறி ஊருக்குப் போனதற்குக் காரணம் அதுதான்: 'நான் நன்றாக இருக்கிறேன்' என்று காட்ட வேண்டியவர்கள் அங்கே இருந்தார்கள். அதனால் அவர்கள் தொழில் செய்த கொழும்புச் செட்டியார் தெருவின் பழைய முகத்தைப் பார்க்க, கொழும்பை விடக் காரைக்குடிப் பக்கத்து வளவுச் சுவர்களே நல்ல இடம் என்பது என் கருத்து. ஊருக்குப் போகும்போது பெரியவர்களிடம் கேளுங்கள். வீட்டை இடிக்கும்போது பழம்பொருள் கடைக்குப் போய்விடும் படங்களை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

படத்தின் காலத்தை ஓரளவு கண்டுபிடிக்கலாம். பின்னணியில் புறக்கோட்டை கான் மணிக்கூண்டு தெரிந்தால் அது 1923க்குப் பிந்தையது. அந்த மணிக்கூண்டைக் கட்டியவர்களும் பம்பாயிலிருந்து வந்த பார்சிக் குடும்பத்தார்தான். தெருவில் டிராம் ஓடினால் 1899க்கு முந்தையதாக இருக்காது. மோட்டார் காரின் எண் பலகையில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து இருந்தால் 1957க்கு முன்னால் இருக்க வழியில்லை. அட்டையின் ஓரத்தில் ஸ்டூடியோ முத்திரை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்.

இன்னொரு வகைப் படங்களும் உங்கள் கண்ணில் படும். 1890இல் தொடங்கிய பிளேட் (Plâté) போன்ற ஸ்டூடியோக்கள் வெள்ளைக்காரப் பயணிகளுக்காக அச்சிட்ட தபால் அட்டைகள். ரிக்ஷா இழுப்பவர், துறைமுகத்தில் கூலி வேலை செய்பவர், மூக்குத்தி போட்ட தமிழ்ப் பெண். ஒளியும் அச்சும் அபாரமாக இருக்கும். ஒருவருக்கும் பெயர் இருக்காது. அவர்களில் நிறையப் பேர் நம் கரையிலிருந்து வந்தவர்கள், ஆனால் எந்த ஊர், யார் பிள்ளை என்று அட்டையில் ஒரு வரி கிடையாது. அவற்றை மட்டும் பார்த்து இங்கிருந்த நம்மவர் வாழ்க்கையை அறிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.

எனக்கு அவற்றைவிடப் பெரிதாகத் தோன்றுவது பாஸ்போர்ட் படங்கள். 1948 குடியுரிமைச் சட்டத்தால் இந்திய வம்சாவளித் தமிழர் பெரும்பாலோர் நாடற்றவர் ஆனார்கள். 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாகவும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவதாகவும் எழுதினார்கள். அந்தப் பயணத்துக்காக வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேமரா முன் நின்றவர்கள் எத்தனையோ பேர். யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். அத்தகைய ஒரு படத்தை யாராவது உங்களுக்குக் காட்டினால் உடனே போனை எடுத்துப் படம் பிடிக்காதீர்கள். உட்கார்ந்து கேளுங்கள்.

அப்புறம் ஒன்று, இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். 'உங்கள் வீட்டில் பழைய ஆல்பம் இல்லையா?' என்று வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ வயதானவர்களிடம் சட்டென்று கேட்டுவிடாதீர்கள். 1983 ஜூலையில் வீடு எரிந்தவர்கள் இங்கே பலர். கல்யாணப் படம்கூட மிஞ்சாதவர்களை எனக்குத் தெரியும். அவர்களாகப் பேச்சை எடுத்தால் எடுக்கட்டும்.

சரி, ஒட்டவில்லை என்றீர்களே. ஒரு சனிக்கிழமை காலை செட்டியார் தெருவுக்குப் போங்கள். இப்போது அது நகைக்கடைத் தெரு. ஆனால் பழைய கதிரேசன் கோயிலும் புதிய கதிரேசன் கோயிலும் அங்கேயே இருக்கின்றன. பாட்டையாவின் படத்தைப் பிரதி எடுத்துக் கையில் கொண்டுபோங்கள். கடையில் வயதானவர் யாராவது இருந்தால் காட்டி, உங்கள் ஊரையும், நகரத்தாரின் ஒன்பது கோயில் பிரிவுகளில் உங்களுடையது எது என்பதையும் சொல்லுங்கள். 'எந்த வீடு?' என்று அவர் கேட்டுவிட்டால் பிளேன்டீ வராமல் விடமாட்டார்கள். முருகனின் ஆடிவேல் திருவிழாச் சமயத்தில் வேல் காலி வீதி வழியாகப் பம்பலப்பிட்டிக்கு வரும். அன்று உங்கள் அறையிலிருந்து நடந்தே போகலாம், லீவு போட்டாவது போங்கள்.

படத்தை நூலகம் நிறுவனத்தாரிடம் காட்டுவதும் நல்லது. ஈழத்துத் தமிழ் ஆவணங்களை 2005 முதல் எண்ணிம வடிவில் சேர்த்து வருகிறார்கள். தெரிந்த பெயர்களை எழுதிக் கொடுத்தால் படத்தின் மதிப்பு கூடும்.

கடைசியாக, இந்த ஊர் ஈரம் படத்துக்குப் பெரிய பகை. மூலப் படத்தை இங்கே கொண்டுவர வேண்டாம், தேவகோட்டையிலேயே இருக்கட்டும். அது சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தால் பிரிக்க முயலாதீர்கள், முகங்கள் உரிந்துவிடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். பின்பக்கம் பெயர் எழுதுவதானால் பேனா வேண்டாம், பென்சிலால் மெதுவாக ஓரத்தில் எழுதுங்கள்.