கழுதை வளர்ப்பவர்களின் கேள்விகளுக்கு ஒரு பதில் நேரம்

மன்னார், கற்பிட்டிப் பக்கம் கழுதை அதிகம், மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அவ்வளவு இல்லை. வாங்கி வந்து தோட்டத்தில் விட்டிருக்கும் சிலர் கேட்டதால் இந்தப் பதில்கள். எழுதுபவர் ஓய்வுபெற்ற கால்நடை உத்தியோகத்தர்.

செங்கலடி: சேர், தோட்டத்தில ரெண்டு கழுதை நிக்கிது. நல்லா இரிக்கா இல்லையா எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிற?

முதலில் கிட்டப் போகாதீர்கள். வேலிக்கு வெளியே பத்து நிமிடம் சும்மா நில்லுங்கள். ஆள் வந்தது தெரிந்தால் கழுதை நோவை மறைத்துவிடும். மாடுபோல முனகாது, குதிரைபோல உருளாது. அதனால் தூரத்தில் நின்று பாருங்கள்: கூட்டாளியை விட்டுத் தனியே நிற்கிறதா, ஒரு காலை மாற்றி மாற்றி ஆறப்போடுகிறதா, வாயில் மென்ற வைக்கோல் உருண்டையாகக் கீழே விழுகிறதா? உருண்டை விழுந்தால் பல்லில் கோளாறு. தலையைத் தீனிக்குள் வைத்திருப்பதை மட்டும் பார்த்து ‘தின்னுது’ என்று நம்பாதீர்கள். தாடை அசைகிறதா என்று பாருங்கள்.

பிறகு முன்பக்கமாக, மூன்று மீற்றர் தூரத்திலிருந்து கையைக் கொஞ்சம் நீட்டி மெதுவாக நடந்து போங்கள். எந்த இடத்தில் விலகுகிறது? அடுத்து அதன் பக்கவாட்டில் நடந்து பின்பக்கம் வரை போங்கள். வாலை ஒடுக்கிக் கொண்டால் மனிதரிடம் பயம், யாரோ அடித்திருக்கலாம். ஐரோப்பிய ஆய்வாளர்கள் 2015இல் கழுதைக்கென்றே வெளியிட்ட மதிப்பீட்டு முறையில் இவை இருக்கின்றன. காசு செலவில்லாத சோதனை.

கடைசியாகக் கை. கழுதையின் மயிர் எலும்பை மறைக்கும், கண்ணால் பார்த்து மெலிவு தெரியாது. விலாவில் உள்ளங்கையை வைத்து லேசாக அழுத்துங்கள். விலா எலும்பு தட்டுப்பட வேண்டும், துருத்தக் கூடாது. 1 முதல் 5 வரை புள்ளி போட்டால் அதுதான் 3. கழுத்தின் மேல்விளிம்பையும் பிடித்துப் பாருங்கள். கொழுப்பு கட்டிபட்டு ஒருபக்கம் சரிந்திருந்தால், பிறகு மெலிந்தாலும் அது நிமிராது.

ஆரையம்பதி: மிச்சம் கிடக்கிற கோழித்தீனைப் போடலாமா?

கூடாது. கோழித்தீனிலும் சில மாட்டுத்தீனிலும் மொனென்சின் என்ற மருந்து கலந்திருக்கும். கோழிக்கு ஒன்றும் செய்யாது, குதிரை கழுதை இனத்துக்கு இதயத் தசையைத் தின்றுவிடும். 150 கிலோக் கழுதைக்கு நாளுக்கு 2 முதல் 2.7 கிலோ உலர்தீனி போதும். பூஞ்சணம் பிடிக்காத வைக்கோலும் காய்ந்த புல்லும் கொடுங்கள்.

வாகரை: என்ட பெட்டைக் கழுதை ரெண்டு நாளாத் தின்னுதில்ல. சத்தமும் இல்ல. உடம்புச் சூடு 38.5தான், மாட்டுக்குச் சரியான சூடுதானே? நாளைக்குப் பாப்பமா?

நாளை வேண்டாம், இப்போதே மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள். மாட்டுக்கு 38.5 சாதாரணம், கழுதைக்கு அது காய்ச்சல். வளர்ந்த கழுதைக்கு ஏறக்குறைய 36.5 முதல் 37.8 வரைதான். கொழுத்த கழுதை தின்னாமல் விட்டால் உடம்புக் கொழுப்பு இரத்தத்துக்குள் இறங்கி, ஈரல் அடைபட்டுச் சாகும். பெட்டைக்கு, அதுவும் சினையென்றால், ஆபத்து இன்னும் கூட. மற்றவர்களும் கவனியுங்கள்: மாட்டைப் பார்த்த கண்ணோடு கழுதையைப் பார்க்கக் கூடாது.

களுவாஞ்சிக்குடி: வயிறு பெருத்திருக்கு. சினையா?

வயிற்றை வைத்துச் சொல்ல முடியாது. சினைக்காலம் ஏறக்குறைய 12 மாதம். வைத்தியரிடம் காட்டுங்கள்.

கிரான்: ஒரு கழுதையும் நாலு ஆடும். துணை காணாதா?

காணாது. இன்னொரு கழுதை வேண்டும். ஆட்டுக்கு வைக்கும் தீனில் என்ன கலந்திருக்கிறது என்றும் பாருங்கள். கோழித்தீன் வேண்டவே வேண்டாம்.

திருக்கோவில்: மாரிக்கு என்ன செய்யிற?

கழுதை காய்ந்த பூமிப் பிராணி. மழைத்தண்ணி அதன் மயிரில் வழுக்கி ஓடாது, ஊறிக் குளிர்ந்துவிடும். நவம்பர், டிசம்பரில் நம்மூர்ச் சேற்றில் நின்றால் குளம்பு ஊறிப்போகும். கூரையோடு உயர்ந்த தரையும் வேண்டும். குளம்பைத் தூக்கி நடுவில் இருக்கும் ஆப்பு வடிவச் சதைப்பற்றை முகருங்கள். கறுத்துக் கசிந்து நாறினால் அழுகல். குளம்பு ஆறிலிருந்து பத்து வாரத்துக்கொரு முறை வெட்ட வேண்டும். விட்டுவிட்டால் பழைய செருப்பு நுனிபோல மேலே வளையும், அதோடு முழங்காலும் கெடும்.

சம்மாந்துறை வயற்காரர்: சேர், நீங்க கழுதைக்காரர் பக்கம் மட்டும் பேசுறீங்க. முன்னங்கால் ரெண்டையும் சேத்துக் கட்டாம விட்டா எங்கட வேளாண்மை மிஞ்சுமா?

கணுக்காலைச் சுற்றி மயிர் உதிர்ந்திருந்தாலோ வெள்ளை மயிர் முளைத்திருந்தாலோ அது கால்கட்டின் தழும்பு. நைலோன் கயிறு தோலை அறுத்து உள்ளே இறங்கும். அந்தப் புண்ணில் ஏற்புவலி (டெட்டனஸ்) வந்தால் கழுதை தப்புவது அரிது. வாய்க்காலில் விழுந்தால் எழும்பவும் முடியாது.

அக்கரைப்பற்று: எங்கட வாப்பா காலத்தில துணிக்கயிற்றிலதான் கட்டுவாங்க. ஒண்டும் வரல்லையே!

துணி, நைலோனை விடத் தேவலை. ஆனாலும் துள்ளித் துள்ளித்தான் நடக்கும், தண்ணிக்குப் போகாமல் நின்றுவிடும்.

சம்மாந்துறை வயற்காரர்: அப்ப நட்டம் யாருக்கு? கதிர் வாற நேரம் ஒரு ராத்திரியில பாதி வரவை போயிடும்.

உங்கள் கோபம் நியாயம், கழுதையின் சொந்தக்காரர்தான் பொறுப்பு. பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் மாடுகளை வட்டைக்கு (வயல்வெளிக்கு) வெளியே கொண்டுபோக நாள் குறிக்கிறார்களே, அதே நாளில் கழுதையையும் அடைக்கச் சொல்லி வயல்வெளிக்குப் பொறுப்பான வட்டைவிதானையிடம் கேளுங்கள். இரண்டு கழுதைக்கு முள்ளுக்கம்பி வேண்டாம், கம்பும் மட்டையும் போட்ட அடைப்பே போதும். உள்ளே வைக்கோல் இருந்தால் வேலியைத் தள்ளாது.

அக்கரைப்பற்று: காலைக் கட்டி வதைக்கிறதுக்குச் சட்டம் என்ன சொல்லுது?

மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் 1907இல் வந்தது. அதில் எழுதிய தண்டம் 100 ரூபாய். அதை நம்பி இருக்க வேண்டாம், அடைப்பைப் போடுங்கள்.

சம்மாந்துறை வயற்காரர்: சரி, வயலுக்குள்ள நிண்டாப் பிடிச்சுக் கட்டலாமா?

கழுத்தில் அகலமான பட்டி போட்டு, நிழலில், தண்ணியோடு கட்டுங்கள். சொந்தக்காரருக்கு அன்றே சொல்லுங்கள்.

பொத்துவில்: கழுதைப்பால் வியாபாரம் லாபமா?

நாளுக்கு ஒரு லீற்றர் கிடைத்தாலே பெரிய விஷயம். குட்டியைப் பிரித்தால் பால் வற்றும். வேறு தொழில் பாருங்கள்.

வந்தாறுமூலை: எங்கட கழுதை பேசாம அமைதியா நிக்கும், சுகம்தானே?

இதே கேள்வி நாலு பேரிடமிருந்து வந்திருக்கிறது. செங்கலடிக்காரருக்கு எழுதியதை வாசித்துவிட்டு வேலிக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். கோழித்தீன் பற்றி இனி யாரும் கேட்க வேண்டாம். மாரிக்கு முன் குளம்பு வெட்டக் காட்டச் சொன்னவர்கள் ஒரே ஊரில் கூடினால் வருகிறேன். கழுதையைக் குளிப்பாட்டாமல் கொண்டுவாருங்கள், எந்த மாதிரிச் சேற்றில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.