நான்கு நாள் பயணமாக வியன்னா போகிறேன். அங்குள்ள ஸ்டேட் ஆப்பரா அரங்கில் ஆப்பராவும் (பாடியே நடிக்கும் நாடகம்) பாலேவும் (மேற்கத்திய நடன நாடகம்) பார்க்க ஆசை. மேற்கத்திய இசை தெரியாதவருக்குப் புரியுமா? எந்த டிக்கெட் வாங்கலாம்?

நன்றாகவே புரியும். ஆப்பராவை நின்றுகொண்டு கேளுங்கள். பாலேவை மேல்தளத்தின் நடுப்பகுதியில் உட்கார்ந்து பாருங்கள். கையில் இரண்டு மாலைகள் இருந்தால் நான் எல்லோருக்கும் சொல்வது இதைத்தான். ஏன் அப்படி என்பதற்குக் காரணம் இருக்கிறது.

அந்த அரங்கில் பாடுகிறவர் முன்னால் மைக் கிடையாது. பாடகருக்கும் நமக்கும் நடுவில், மேடைக்கு முன்னுள்ள பள்ளத்தில், ஒரு முழு இசைக்குழு உட்கார்ந்து வாசிக்கிறது. அத்தனை வயலின்களையும் ஊதுகருவிகளையும் முரசுகளையும் தாண்டி, சுமார் 1,700 இருக்கைகளுக்கும் அவற்றுக்குப் பின்னால் நிற்பவர்களுக்கும் ஒற்றைத் தொண்டை கேட்டாக வேண்டும். கேட்கிறது. முதல் முறை கேட்கும்போது உடம்பு சிலிர்க்கும். ஒலிபெருக்கி வழியாகவே பாட்டுக் கேட்டு வளர்ந்த காதுகளுக்கு அது வேறு அனுபவம். குரல் எங்கோ ஒரு பெட்டியிலிருந்து வருவதில்லை, அந்த மனிதர் நிற்கும் இடத்திலிருந்தே வருகிறது. அவர் திரும்பினால் குரலும் திரும்புகிறது.

இது வெறும் உரத்த குரல் இல்லை. இசைக்குழுவின் ஒலி ஆற்றல் 500 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 500 அதிர்வு) அருகில் மிகுதியாக இருக்கும், அதற்கு மேலே போகப் போக மெலியும். பயிற்சி பெற்ற பாடகர்கள், குறிப்பாக ஆண்கள், தொண்டைக்குள் இருக்கும் வெளியைப் பழக்கி 3,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒலியைக் குவிக்கிறார்கள். இசைக்குழு மெலிந்திருக்கும் இடம் அது. மனிதக் காது மிகக் கூர்மையாக இருப்பதும் அங்கேதான். உச்ச ஸ்தாயியில் பாடும் பெண்களான சோப்ரானோக்களுக்கு இந்த வழி உதவாது. அவர்கள் சுதி ஏற ஏற வாயை அகலத் திறந்து, வாய்க்குள் எழும் அதிர்வைப் பாடும் சுதியோடு பொருத்திக்கொள்கிறார்கள். அப்போது உயிரெழுத்துகள் ஒன்றோடொன்று கலந்துபோகும். ஆகவே உச்சத்தில் சொல் பிடிபடவில்லை என்றால் வருந்தாதீர்கள். அந்த இடத்தில் இத்தாலியருக்கும் இத்தாலியச் சொல் பிடிபடாது. அங்கே கேட்க வேண்டியது குரலை மட்டும்தான்.

பாட்டின் மற்ற இடங்களைப் புரிந்துகொள்ளச் சின்னத் திரை இருக்கிறது. ஒவ்வொரு இருக்கைக்கும் முன்னால், நிற்கும் இடங்களில்கூட, வரிகளின் மொழிபெயர்ப்பு ஓடும், ஆங்கிலமும் உண்டு. ஆனால் கண் அங்கேயே ஒட்டிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. கதையை முந்தின நாளே முழுதாகப் படித்துவிட்டு, திரையை அவ்வப்போது மட்டும் பாருங்கள். முடிவு தெரிந்துவிட்டால் சுவை போய்விடும் என்ற கவலை வேண்டாம். அங்கே உங்களைச் சுற்றி இருப்பவர்களில் பாதிப் பேருக்கு முடிவு மனப்பாடம்.

நிற்கும் டிக்கெட் பற்றி. முன்பக்கத்து நல்ல இருக்கை 200 யூரோவைத் தாண்டும் இரவுகள் உண்டு. நிற்கும் இடமோ அதில் பத்தில் ஒரு பங்கு அளவில் கிடைத்துவிடும். நிகழ்ச்சி நடக்கும் நாளன்றுதான் விற்பார்கள். விற்பனை தொடங்கும் நேரத்தை அரங்கின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கீழ்த்தளத்தில் நிற்கும் இடம் அரங்கின் பின்பகுதியில், மேடைக்கு நேர் எதிரே, படிப்படியாக உயரும் வரிசைகளாக இருக்கிறது. மேடை முழுதும் நேராகத் தெரியும் அந்த இடத்துக்குப் போட்டி அதிகம். உள்ளே போனதும் உங்கள் இடத்துக் கம்பியில் ஒரு துண்டைக் கட்டிவிட்டு வெளியே போய் வரலாம். கட்டிய துண்டை யாரும் அவிழ்க்க மாட்டார்கள். நெடுங்கால வழக்கம் அது. மேல்மாடத்திலும் நிற்கும் இடங்கள் உண்டு. முகங்கள் சிறிதாகத் தெரியும், ஆனால் ஒலி அங்கே அவ்வளவு நன்றாகக் கலந்து மேலேறி வரும். காதுக்காகவே போகிறவர்கள் மேலேயே நிற்கிறார்கள். நானும் அந்தக் கட்சி.

இன்னொரு காரணமும் உண்டு. வியன்னா பில்ஹார்மோனிக் என்ற புகழ்பெற்ற இசைக்குழுவின் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதன் இசைக்கலைஞர்கள் எல்லோரும் இந்த ஆப்பரா இசைக்குழுவிலிருந்து வருகிறவர்கள். இங்கே பள்ளத்தில் குறைந்தது மூன்று ஆண்டுகள் வாசித்த பிறகே அதில் சேர விண்ணப்பிக்க முடியும். நிற்கும் டிக்கெட் விலைக்கு அந்த இசையும் கிடைக்கிறது.

எந்த ஆப்பரா? முதல் முறைக்கு என் தேர்வு இத்தாலிய இசையமைப்பாளர் புச்சீனியின் 'டோஸ்கா'. மூன்றே அங்கங்கள், கதை 1800 ஜூன் மாதத்து ரோமில் ஒரு பகலுக்கும் மறுநாள் விடியலுக்கும் இடையில் முடிந்துவிடும். ஒரு பாடகி, அவள் காதலன், அவளை அடைய நினைக்கும் காவல் தலைவன். இரண்டாம் அங்கத்தில், பக்கத்து அறையில் காதலன் வதைபட்டு எழுப்பும் அலறலைக் கேட்டபடி அவள் நிற்கிறாள். எல்லா வழியும் அடைபட்ட பின், கலைக்காகவும் அன்புக்காகவும் வாழ்ந்த எனக்கு இறைவா ஏன் இந்தத் தண்டனை என்று பாடுகிறாள். இசைக்குழு மெல்ல ஒதுங்கிக் குரலுக்கு வழிவிடும். அந்தப் பாட்டுக்கு எந்தத் திரையும் தேவைப்படவில்லை எனக்கு. கொஞ்ச நேரத்தில் அந்தக் காவல் தலைவனைக் குத்திக் கொன்றுவிட்டு, பிணத்தின் இரு பக்கமும் மெழுகுவர்த்தி வைக்கிறாள். அங்கே ஒரு சொல்கூடப் பாடப்படுவதில்லை, இசை மட்டும் நகர்கிறது. அரங்கில் யாரும் இருமக்கூட இல்லை.

வியன்னாவில் இதைப் பார்ப்பதற்குத் தனிச் சிறப்பும் இருக்கிறது: அங்கே ஆடப்படும் டோஸ்காவின் மேடையாக்கம் 1958-இல் இயக்குநர் மார்கரேத்தே வால்மன் உருவாக்கியது. புச்சீனியின் இன்னொரு ஆப்பராவான 'லா போயெம்' என்றால் ஃபிராங்கோ செஃபிரெல்லியின் 1963 மேடையாக்கம். இவை பழசாகிவிட்டன என்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ரோமாபுரித் தேவாலயம் தேவாலயமாகவே தெரியும் மேடை, முதல்முறை வருகிறவருக்குப் பெரிய துணை. ஜெர்மானிய இசையமைப்பாளர் வாக்னரின் ஆப்பராக்களை இந்தப் பயணத்தில் தொடாதீர்கள். மகத்தான இசைதான், ஆனால் பல படைப்புகள் இடைவேளைகளோடு ஐந்து மணி நேரம் அளவுக்கு நீளும். நின்றுகொண்டு கேட்க அதற்குப் பழகிய கால் வேண்டும்.

ஏறக்குறைய தினமும் ஒரு வேறு படைப்பு நடக்கும் அரங்கு இது. செப்டம்பரிலிருந்து ஜூன் வரை முந்நூறுக்கும் அதிகமான நிகழ்ச்சிகள். இன்று இரவு ரோம் நகரம் நிற்கும் மேடையில் நாளை இரவு வேறு உலகம் நிற்கும். நான்கு நாள் இருக்கப்போகிற உங்களுக்கு இது வரம், மற்ற பல ஊர்களில் அந்த வாரம் முழுக்க ஒரே படைப்புதான் கிடைக்கும். ஜூலை, ஆகஸ்டில் மட்டும் அரங்கு மூடியிருக்கும். பயணத் தேதியை அதற்கேற்ப முடிவு செய்யுங்கள்.

இனி பாலே. ஆப்பராவில் காது போதும் என்றேன். பாலேவில் கண்தான் எல்லாம், அதனால் இங்கே இருக்கைக்குக் காசு செலவழிக்கத் தயங்காதீர்கள். பலரும் முன்வரிசைக்குத்தான் ஓடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. முன்வரிசையிலிருந்து பார்த்தால் தனி ஆட்டக்காரரின் வியர்வை தெரியும், காலணி முனை மரத்தரையில் தட்டும் ஓசை கேட்கும், ஆனால் குழு நடனத்தின் கோலம் தெரியாது. 'ஸ்வான் லேக்' பாலேவின் ஏரிக்கரைக் காட்சியில் வெள்ளையுடைப் பெண்கள் வரிசையாக, குறுக்காக, வளைவாகப் பிரிந்து சேர்வதை மேலிருந்து பார்க்க வேண்டும். ஒருத்தி கை அசைத்தால் அத்தனை கைகளும் அதே கோணத்தில் அசையும். கீழே உட்கார்ந்தவருக்கு முன்வரிசைப் பெண்கள் மட்டுமே தெரிவார்கள். எனவே பால்கனியோ அதற்கு மேலுள்ள மாடமோ, நடுப்பகுதி. பக்கவாட்டில் பெட்டிபோல் தடுத்த பகுதிகளில் பின்வரிசை இருக்கை மலிவாகக் கிடைத்தால் வாங்காதீர்கள். பாதி மேடை மறைந்துவிடும். பாலேவில் அது பாதி ஆட்டத்தையே இழப்பது.

இந்த மேடைக்கு 'ஸ்வான் லேக்' மிக நெருக்கமானது. 1964 அக்டோபரில் புகழ்பெற்ற நடனக் கலைஞர் ருடால்ஃப் நூரெயேவ் தன் வடிவத்தை முதலில் அரங்கேற்றியது இங்கேதான். அவரும் நடனக் கலைஞர் மார்கோ ஃபோன்டைனும் ஆடி முடித்தபின் கைதட்டல் அடங்கவே இல்லை, திரைக்கு முன் 89 முறை வந்து வணங்க வேண்டியிருந்தது. அது உலக சாதனையாகப் பதிவானது. உங்கள் தேதிகளில் அந்தப் பாலே இருந்தால் வேறெதையும் யோசிக்காமல் எடுத்துவிடுங்கள்.

கட்டடத்தைப் பற்றிக் கொஞ்சம், இல்லாவிட்டால் உள்ளே நுழைந்ததும் குழம்புவீர்கள். 1869 மே 25 அன்று மோட்சார்ட்டின் 'டான் ஜொவான்னி'யோடு திறந்த அரங்கு. கட்டும்போதே ஊரார் ஏளனம் செய்தார்கள். வடிவமைத்த வான் டெர் நுல், சிக்கார்ட்ஸ்பர்க் இருவரும் 1868-இல் இறந்துபோனார்கள், திறப்பு விழாவைப் பார்க்கவில்லை. 1945 மார்ச் 12 அன்று விழுந்த குண்டுகளில் மேடையும் பார்வையாளர் கூடமும் எரிந்தன. முகப்பும் பெரிய படிக்கட்டும் ஓவியர் ஷ்விண்ட்டின் ஓவியங்கள் உள்ள முன்கூடமும் தப்பின. அதனால் பளிங்கும் சிலையுமாக மின்னும் படிக்கட்டில் ஏறி, உள்ளே 1955-இல் திரும்பக் கட்டிய எளிமையான கூடத்துக்குள் நுழைவீர்கள். சிலருக்கு அது ஏமாற்றம். எரிந்த கூடத்தை, போர் முடிந்த பத்தே ஆண்டில் கட்டி எழுப்பி, சிறையிலிருந்து விடுதலை பெறும் கதையான பேத்தோவனின் 'ஃபிடெலியோ'வோடு கதவைத் திறந்தார்கள் என்று தெரிந்தபின் எனக்கு அந்த எளிமைமேல் மரியாதைதான் வந்தது. இடைவேளையில் முன்கூடத்துக்குக் கட்டாயம் போய் வாருங்கள்.

உடை பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். சுத்தமான முழுக்கால் உடை போதும், புடவை மிக அழகாகப் பொருந்தும். அரைக்கால் சட்டை மட்டும் வேண்டாம். கனத்த கோட்டை வெளியே ஒப்படைக்க வேண்டும். தாமதமாக வந்தால் இடைவேளை வரை உள்ளே விட மாட்டார்கள். 1897 முதல் பத்தாண்டு இங்கே இயக்குநராக இருந்த இசையமைப்பாளர் குஸ்தாவ் மாலர் தாமதமாக வருகிறவர்களைக் கண்டிப்போடு தடுத்தவர், அந்தக் கண்டிப்பு இன்றும் இருக்கிறது. கைதட்டலுக்கு மற்றவர்களைப் பின்பற்றினால் போதும். பெரிய பாட்டு முடிந்ததும், பாலேவில் தனி ஆட்டம் முடிந்ததும் தட்டுவார்கள்.

பாலே டிக்கெட்டை இப்போதே பாருங்கள், நல்ல நடு இருக்கைகள் சீக்கிரம் போய்விடும். ஆப்பராவுக்கு அன்றைய நாள் போதும். ஒருவேளை எதுவுமே கிடைக்காமல் போய், நீங்கள் போவது ஏப்ரல் முதல் ஜூன் வரையோ செப்டம்பரிலோ என்றால், அரங்கின் பக்கத்திலுள்ள ஹெர்பர்ட் ஃபான் கராயன் சதுக்கத்தில் பெரிய திரையில் பல நிகழ்ச்சிகளை இலவசமாக நேரலையில் காட்டுவார்கள். மைக் வழியாக வரும் ஒலிதான், உள்ளே கேட்பதற்கு ஈடாகாது. இருந்தாலும் பாலேவுக்கு அது நன்றாகவே இருக்கிறது.