கலைஞர்களின் வழிச்செலவு – கடிதம்

ஐயா,
2017இல் பிபிசி, ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் பவுண்டுக்கு மேல் ஊதியம் பெறுவோரின் பட்டியலை வெளியிட்டபோது மலைத்துப்போனேன். பொது ஒலிபரப்பு நிறுவனங்கள் கலைஞர்களின் போக்குவரத்துச் செலவையும் ஏற்க வேண்டுமா? எனக்கு அலுவலகம் பேருந்துக் கட்டணம் தருவதில்லையே. பொய் ரசீதுகளை யார் தடுப்பது?
வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மக்கள் பணத்தின் மீது உங்களுக்குள்ள அக்கறையை மதிக்கிறேன். அந்தப் பட்டியலில் உள்ளவர்களை விட்டுவிடுங்கள். அவர்களுக்கு யாரும் வண்டி அனுப்ப வேண்டியதில்லை. ஆனால் கலைஞர் என்றதும் அவர்கள் மட்டுமே உங்கள் நினைவுக்கு வருவது சிந்தனைச் சோம்பல். உங்களுக்கு மாதச் சம்பளம் உண்டு, நிலையான அலுவலகம் உண்டு. நாடகத்தில் நான்கு வரி பேச வருபவருக்கு அன்றைய ஒலிப்பதிவு மட்டுமே வேலை. அடுத்த அழைப்பு எப்போது வரும் என்று அவருக்குத் தெரியாது.

இளமையில் நான் வானொலி நாடகங்களில் சிறு வேடங்களுக்குக் குரல் கொடுத்திருக்கிறேன். எங்களோடு நடித்த மூத்த பெண்மணி ஒருவர், முதியவள் வேடமென்றால் எங்கள் எல்லாரையும் வாயடைக்கச் செய்துவிடுவார். இரவுப் பதிவு முடிவதற்குள் கடைசிப் பேருந்து போயிருக்கும். சன்மானச் சீட்டில் ‘பயணப்படி’ என்றொரு கட்டம் இருந்தது. கணக்கர் அதன் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டுத்தான் அவரிடம் கையெழுத்து வாங்குவார். வாடகை வண்டிக்குக் கொடுத்தது போக அவர் கையில் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாது. ஒரு கட்டத்தில் அவர் வருவதை நிறுத்திக்கொண்டார். பிறகு அந்த வேடங்களை, நிலையத்துக்கு அருகில் குடியிருந்த ஓர் இளம்பெண், குரலை வலிந்து நடுங்கவைத்துப் பேசினார். அதைக் கேட்ட எரிச்சல் இன்னும் எனக்குத் தீரவில்லை.

ஜெர்மனியில் 2013 முதல், தொலைக்காட்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டுக்கு வீடு ஒலிபரப்புக் கட்டணம் செலுத்த வேண்டும். தலைநகரில் வசிப்பவருக்கும் எல்லையோரக் கிராமத்தில் வசிப்பவருக்கும் தொகை ஒன்றே. இப்படி எல்லாரிடமும் வசூலித்து நடக்கும் நிறுவனம், தன் வாசலுக்கு வந்து போக வசதியுள்ளவர்களின் குரலை மட்டும் ஒலிபரப்புவது எந்த வகையில் நியாயம்? தலைநகரிலேயே முடங்கிக் கிடக்கக் கூடாது என்று பிபிசி 2011, 2012இல் தன் பல பிரிவுகளை லண்டனிலிருந்து வட இங்கிலாந்தின் சால்ஃபோர்டு நகருக்கு மாற்றியது. அலுவலகங்களையே இடம்பெயர்க்கும் அளவுக்குத் தூரத்தின் அருமை தெரிந்த துறையில், நள்ளிரவில் ஒரு துணை நடிகை வீடு போய்ச் சேர்வது மட்டும் எப்படி அவருடைய சொந்தப் பிரச்சினையாகும்?

பொய் ரசீதுகளைத் தணிக்கையாளர்கள் பார்த்துக்கொள்ளட்டும், அது அவர்கள் வேலை. தூரத்தையும் பதிவு முடியும் நேரத்தையும் கணக்கிட்டு, ஒப்பந்தத்தை அனுப்பும்போதே பயணப்படியை அதில் எழுதி, சன்மானத்தோடு அன்றே கலைஞரின் கையில் கொடுத்துவிட வேண்டும்.