அடித்தவர் வாடிக்கையாளர் என்றால் கடைக்காரருக்குப் பொறுப்பில்லையா?

கேள்வி: மகளின் பிறந்தநாளன்று, கிளிநொச்சியில் ஏ-9 வீதியோரமாக உள்ள, மதுபானமும் பரிமாறுகின்ற ஓர் உணவகத்துக்குக் குடும்பமாகச் சென்றோம். பக்கத்து மேசையில் குடித்துக்கொண்டிருந்த நால்வர் அரை மணித்தியாலத்துக்கு மேலாகத் தங்களுக்குள் சத்தமிட்டுச் சண்டை பிடித்தனர். பரிமாறியவரிடம் இரண்டு தடவை சொன்னோம். “அவை வழமையா வாற ஆக்கள், கொஞ்ச நேரத்திலை அடங்கீடுவினம்” என்றார். பின்னர் அவர்களில் ஒருவர், கழிவறைக்குப் போகும் வழியில் அடுக்கியிருந்த பெட்டியிலிருந்து வெற்றுப் போத்தலொன்றை எடுத்து எறிந்தார். பிள்ளையை மறைக்கக் கை நீட்டிய என் அண்ணனின் வலது கையில் அது பட்டு உடைந்து தசைநாண் அறுந்துவிட்டது. அவர் மேசன், மூன்று மாதமாக வேலையில்லை. உரிமையாளரிடம் கேட்டால், “எறிஞ்சவனிட்டைப் போய்க் கேளுங்கோ” என்கிறார். சுவரிலுள்ள ‘நிர்வாகம் பொறுப்பல்ல’ என்ற பலகையையும் காட்டுகிறார். எங்களுக்கு வழி உண்டா?

பதில்: உண்டு. போத்தலை எறிந்தவரே முதற் குற்றவாளி என்பதில் ஐயமில்லை. ஆனால் அதனாலேயே உரிமையாளர் விடுபட்டுவிடுவதில்லை. ஒரே காயத்துக்கு இருவர் வெவ்வேறு விதத்தில் பொறுப்பாகலாம் என்பதை நமது சட்டம் ஏற்றுக்கொள்கிறது. ஒருவர் வேண்டுமென்றே செய்தார். மற்றவர் தடுக்கவேண்டிய இடத்தில் கவலையீனமாக இருந்தார்.

இவ்வாறான வழக்குகளில், வடபகுதித் தமிழருக்குரிய வழக்காற்றுச் சட்டமான தேசவழமைக்கு இடமில்லை. அது சொத்து, முதுசம் போன்ற விடயங்களுக்கு உரியது. உடற்காயத்துக்கான நட்டஈட்டை இலங்கை முழுவதிலும், ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்தில் இங்கு வந்த உரோம டச்சுச் சட்டமே ஆளுகிறது. நியாயமான ஒருவர் அந்த இடத்தை நடத்தியிருந்தால் இப்படி ஒரு தீங்கு நேரக்கூடும் என்று முன்கூட்டியே கண்டிருப்பாரா, கண்டிருந்தால் அதைத் தடுக்க நியாயமான நடவடிக்கை எடுத்திருப்பாரா, இவர் அதை எடுக்கத் தவறினாரா என்பவையே அச்சட்டத்தின் கீழ் நீதிமன்றம் கேட்கும் கேள்விகள். ‘நான் ஒன்றுமே செய்யவில்லையே’ என்பது எப்போதும் தப்பும் வழியல்ல. பொலிஸ் நிலையத்துக்குள் ஒருவர் தாக்கப்பட்டபோது அங்கிருந்த பொலிஸார் பார்த்துக்கொண்டு நின்ற ஒரு வழக்கில், அந்தச் செயலின்மைக்காக அரசு நட்டஈடு செலுத்தவேண்டும் என்று தென்னாபிரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் 1975இல் தீர்ப்பளித்தது. அந்நாட்டிலும் உரோம டச்சுச் சட்டமே அடிப்படை என்பதால், அத்தகைய தீர்ப்புகள் நமது நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாவிட்டாலும் அங்கே மதிப்புடன் எடுத்தாளப்படுவதுண்டு.

இன்னொரு தீர்ப்பு உங்கள் சம்பவத்துக்கு மேலும் நெருக்கமானது. இங்கிலாந்தின் ரெடிங் உதைபந்தாட்டக் கழக மைதானத்தில் வெளியூர் ரசிகர்கள் பழுதடைந்த கொங்கிறீற்றை உடைத்தெடுத்து எறிந்ததில் பொலிஸார் காயமடைந்தனர். சில மாதங்களுக்கு முன்னரும் அங்கே அவ்வாறே நடந்திருந்தும் கழகம் அதைத் திருத்தவில்லை. எறிந்தவர்கள் அந்நியராயிருந்தும் கழகமே பொறுப்பு என 1991இல் தீர்ப்பானது. அது ஆங்கிலச் சட்டத்தின் கீழ் வந்த தீர்ப்பு. ஆயினும் தருக்கம் இங்கும் பொருந்தும். குடிப்பவர்கள் எழுந்து நடமாடும் வழியில் வெற்றுப் போத்தல்களைப் பெட்டி பெட்டியாக அடுக்கி வைப்பது, சண்டைக்காரனின் கைக்கு ஆயுதத்தை எட்டவைப்பதற்குச் சமம்.

உங்கள் வழக்கின் உயிர் போத்தல் பறந்த அந்தக் கணத்தில் இல்லை; அதற்கு முந்திய அரை மணித்தியாலத்தில் இருக்கிறது. எதிர்பாராமல் ஒருவர் எழுந்து ஒரே அடி அடித்திருந்தால், எந்த உரிமையாளரையும் பொறுப்பாக்குவது மிகக் கடினம். இங்கோ சத்தம் நீண்டது, நீங்கள் இரண்டு தடவை முறையிட்டீர்கள், ஊழியர் கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார். அவர் உங்களைச் சமாதானப்படுத்தச் சொன்ன ‘வழமையா வாற ஆக்கள்’ என்ற சொல்லே, அந்த நால்வரின் போக்கை உணவகம் முன்னரே அறிந்திருந்தது என்பதற்குச் சான்றாகக்கூடும். அவர் சொன்னதை, நினைவு மங்குமுன், அதே வார்த்தைகளில் எழுதித் திகதியிட்டு வையுங்கள். உரிமையாளர் குறுக்கே பாய்ந்திருக்கவேண்டும் என்று சட்டம் எதிர்பார்ப்பதில்லை. மது பரிமாறுவதை நிறுத்துவது, உங்களை வேறு மேசைக்கு மாற்றுவது, 119க்கு அழைப்பது போன்றவற்றில் ஏதாவது செய்திருந்தாலே அவர் பக்கம் வலுவாக இருந்திருக்கும். அந்த நால்வரில் எவராவது 21 வயதுக்குக் குறைந்தவராயின், அவருக்கு மது விற்றதே 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். அதையும் சட்டத்தரணியிடம் சொல்லுங்கள்.

சுவர்ப் பலகையைப் பற்றிக் கவலைப்படவேண்டாம். 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டத்தின்படி, தன் கவலையீனத்தால் விளையும் மரணத்துக்கோ உடற்காயத்துக்கோ உரிய பொறுப்பை ஓர் அறிவித்தலைக் காட்டி எவரும் கழற்றிவிட முடியாது. பலகை எழுதியவருக்குக் கொடுத்த கூலி வீண் என்றே சொல்வேன்.

சான்றுகளில் முதலாவது கமராப் பதிவு. பெரும்பாலான கடைகளில் பழைய பதிவு சில வாரங்களில் தானாகவே அழிந்துவிடும். மூன்று மாதம் கடந்துவிட்டதால் அது மீதமிருக்கும் வாய்ப்புக் குறைவு. ஆயினும் பொலிஸார் பிரதி எடுத்தார்களா என்று விசாரியுங்கள். முறைப்பாட்டின் பிரதி, வைத்தியசாலையின் நோய் நிர்ணய அட்டை, சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை தொடர்பான விபரம், அன்றைய உணவுப் பற்றுச்சீட்டு, அருகிலிருந்த மேசைக்காரரின் தொடர்பு ஆகியவற்றைச் சேகரியுங்கள். உணவகத்தை உண்மையில் நடத்துபவர் யார் என்பதையும் உறுதிப்படுத்துங்கள். மதுவரி அனுமதிப்பத்திரம் ஒருவர் பெயரிலும், வியாபாரப் பதிவு இன்னொருவர் பெயரிலும் இருப்பதுண்டு. தவறான ஆளுக்கு எதிராக வழக்கிட்டால் காலமும் பணமும் போய்விடும்.

அரச வைத்தியசாலையில் சிகிச்சை பெற்றதால் மருத்துவச் செலவு சிறிதாகத் தோன்றலாம். இழந்த வருமானமும், கை பழையபடி பிடிக்காவிட்டால் இனி இழக்கப்போகும் வருமானமுமே பெரிய தொகை. வலிக்கும் வேதனைக்கும் வேறாகக் கேட்கலாம். நாட்கூலிக்காரருக்குச் சம்பளச் சீட்டு இருக்காது என்பதால் வன்னியில் பலர் இவ்விடத்தில் தளர்ந்துவிடுகின்றனர். அண்ணனை வேலைக்கு அழைத்த ஒப்பந்தக்காரரின் கடிதம், வீடு கட்டுவித்தவர்களின் வாக்குமூலம், நாட்கணக்கு எழுதிய கொப்பி, வங்கிப் புத்தகம் ஆகியவற்றைக் கொண்டு வருமானத்தை நிரூபிக்கலாம். யாழ்ப்பாணத்துக்குச் சிகிச்சைக்குப் போயிருந்தால், வாகனக் கூலிக்கும் எழுத்தில் ஏதாவது வாங்கி வையுங்கள்.

போத்தலை எறிந்தவருக்கு எதிரான குற்ற வழக்கு நீதவான் நீதிமன்றத்தில் நடக்கும். அவர் குற்றவாளியாகக் காணப்பட்டால், 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 17ஆம் பிரிவின் கீழ் உங்களுக்கு நட்டஈடு கொடுக்கும்படி நீதவான் கட்டளையிடலாம். ஆனால் அந்தக் கட்டளை எறிந்தவரோடு நின்றுவிடும். உணவகத்திடம் கேட்பதற்கு மாவட்ட நீதிமன்றமே இடம். அங்கே இருவரையும் பிரதிவாதிகளாகச் சேர்க்கலாம். 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் கூட்டுத் தவறாளர்களுக்கிடையே பொறுப்பைப் பங்கிட வழி செய்கிறது. ‘சண்டை நடக்குதென்று தெரிந்தும் ஏன் எழும்பிப் போகவில்லை’ என்று எதிர்த்தரப்புக் கேட்கும். பிள்ளையைக் காக்கக் கை நீட்டியவரைக் குறைசொல்ல எந்த நீதிபதியும் விரும்பமாட்டார் என்றாலும், அந்தக் கேள்விக்கு முன்கூட்டியே விடை வைத்திருங்கள்.

பொலிஸ் நிலையத்தில் ‘சமாதானமாகப் போங்கோ’ என்று கையொப்பம் கேட்டால் அவசரப்படவேண்டாம். எறிந்தவர் ஒரு தொகை தந்து தீர்ப்பதாயின், உணவகத்துக்கு எதிரான உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்ற வாசகத்தைச் சட்டத்தரணியைக் கொண்டு சேர்த்த பிறகே ஒப்பமிடுங்கள். கேட்கும் தொகை சட்டம் குறித்த வரம்புக்குட்பட்டதாயின், முதலில், பிணக்குகளை நீதிமன்றத்துக்கு வெளியே பேசித் தீர்க்கும் மத்தியஸ்த சபைக்குச் சென்று, இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழைப் பெறவேண்டும்.

காயம் ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் நட்டஈட்டு வழக்கைத் தாக்கல் செய்துவிடவேண்டும் என்பது காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு. குற்ற வழக்கு முடியட்டும், பிறகு பார்ப்போம் என்று காத்திருப்பவர்களே இந்த எல்லையைத் தவறவிடுகின்றனர். குற்ற வழக்கு நடப்பதனால் அந்த இரண்டு ஆண்டு நின்றுவிடாது. வசதி இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்கு வருமான விபரத்தோடும் மேற்சொன்ன ஆவணங்களோடும் இந்த மாதமே செல்லுங்கள். அங்கிருந்தோ தனிச் சட்டத்தரணி ஊடாகவோ உரிமையாளருக்குக் கோரிக்கைக் கடிதம் ஒன்று பதிவுத் தபாலில் போகட்டும். அதற்கு அவர் தரும் பதிலும் உங்களுக்கு ஒரு சான்றாகும்.