வியாழக்கிழமை எண்: அமெரிக்க வேலையின்மைக் காப்பீட்டுக் கோரிக்கைகள் – கேள்வி பதில்

அமெரிக்கத் தொழிலாளர் துறை வாரந்தோறும் வெளியிடும் வேலையின்மைக் காப்பீட்டுக் கோரிக்கைகளின் எண்ணிக்கை குறித்து உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதிலளிக்கிறேன். எந்தப் பங்கை வாங்கலாம், எதை விற்கலாம் என்ற கேள்விகளுக்கு என்னிடம் பதில் இல்லை, அவற்றை விட்டுவிட்டேன்.

கேள்வி (மதுரை, பொருளியல் மாணவர்): இந்த எண் உண்மையில் எதைக் கணக்கிடுகிறது? யார் கணக்கிடுகிறார்கள்?

வேலையிழந்த ஒருவர் தம் மாநில அலுவலகத்தில் உதவித்தொகை கேட்டு முதன்முறையாக விண்ணப்பித்தால் அது புதிய கோரிக்கை. அதன்பின் ஒவ்வொரு வாரமும் தாம் இன்னும் வேலையின்றி இருப்பதாக அவர் உறுதிசெய்து உதவித்தொகை கேட்பது தொடர் கோரிக்கை. 1935ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியே உருவான இந்தத் திட்டத்தை நடத்துவது மாநிலங்கள். மத்திய அரசு வரம்புகளை வகுத்து, மாநிலங்கள் அனுப்பும் எண்ணிக்கைகளைத் தொகுக்கிறது. சனிக்கிழமையோடு முடியும் வாரத்தின் புதிய கோரிக்கைகள் அடுத்த வியாழக்கிழமை, கிழக்கு அமெரிக்க நேரப்படி காலை 8.30 மணிக்கு வெளியாகின்றன. தொடர் கோரிக்கைகளின் எண்ணிக்கை மேலும் ஒரு வாரம் பின்தங்கி வரும்.

ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்: இங்கே எண்ணப்படுவது விண்ணப்பங்கள். விண்ணப்பித்த எல்லோருக்கும் பணம் கிடைப்பதில்லை. வேலையிழந்த எல்லோரும் விண்ணப்பிப்பதும் இல்லை.

கேள்வி (சென்னை): ஒரே வாரத்தில் எண்ணிக்கை பெரிதாகக் குறைந்தால் பொருளாதாரம் தேறிவிட்டது என்று கொள்ளலாமா?

கொள்ளக் கூடாது. 2013 செப்டம்பர் 7 அன்று முடிந்த வாரத்தில் எண்ணிக்கை 2,92,000 ஆகச் சரிந்தது. பல ஆண்டுகளாகக் காணாத அளவு அது. உண்மையில் நடந்தது என்னவென்றால், இரண்டு மாநிலங்கள் தங்கள் கணினி அமைப்பை மாற்றிக்கொண்டிருந்ததால் வந்த விண்ணப்பங்கள் உரிய நேரத்தில் பதிவாகாமல் தேங்கிவிட்டன. அவற்றுள் ஒன்று கலிபோர்னியா. அத்தனை பெரிய மாநிலத்தில் தேக்கம் ஏற்பட்டால் தேசிய எண்ணே இறங்கிவிடும். அந்த வாரம் வேலையிழந்தவர்கள் வேலையிழந்தவர்களாகவே இருந்தார்கள். எனவே ஒற்றை வாரத்தைப் பிடித்துக்கொள்ளாமல், அறிக்கையிலேயே தரப்படும் நான்கு வாரச் சராசரியைப் பாருங்கள்.

கேள்வி (திருச்சி): 'பருவகாலச் சரிசெய்தல்' என்ற பெயரில் எண்ணை ஏன் மாற்றுகிறார்கள்? உள்ளதை உள்ளபடி சொன்னால் என்ன?

உள்ளதை உள்ளபடியும் சொல்கிறார்கள். அதே அறிக்கையில் சரிசெய்யாத எண்ணும் இருக்கிறது. செய்தியாளர்கள் அதை எடுத்தாள்வதில்லை, அவ்வளவே.

சரிசெய்தல் தேவைப்படுவதற்குக் காரணம் உண்டு. கிறிஸ்துமஸ் விற்பனைக்காகச் சேர்த்த ஆட்களைக் கடைகள் ஜனவரியில் அனுப்பிவிடும். குளிர் மிகுந்த மாநிலங்களில் கட்டட வேலையும் அப்போது நின்றிருக்கும். சரிசெய்யாத எண் ஜனவரித் தொடக்கத்தில் 3 இலட்சத்தைத் தாண்டுவது வழக்கமான ஒன்று. அதை அப்படியே தலைப்பில் போட்டால் ஆண்டுதோறும் ஜனவரியில் பெருமந்தம் வந்துவிட்டதாக மக்கள் அஞ்சுவார்கள். ஜூலையில் வாகனத் தொழிற்சாலைகள் புதிய மாதிரிகளுக்காக இயந்திரங்களை மாற்றியமைக்க மூடப்படுவதும், ஈஸ்டர் ஆண்டுக்கு ஆண்டு வேறு வாரத்தில் வருவதும் இத்தகைய அலைகளை எழுப்புகின்றன.

ஆனால் இந்தச் சரிசெய்தலே தடுமாறிய காலமும் உண்டு. 2020 மார்ச் 14 அன்று முடிந்த வாரத்தில் புதிய கோரிக்கைகள் 2,81,000 என்று முதலில் அறிவிக்கப்பட்டன. அடுத்த வாரம் 32,83,000. அதற்கு முந்தைய உச்சம் 1982 அக்டோபரில் பதிவான 6,95,000தான். 2020இன் அந்த வாரங்களில் சரிசெய்யும் முறை வகுத்தல் முறையாக இருந்தது: அந்த வாரத்தின் வழக்கமான ஏற்ற இறக்கத்தைக் குறிக்கும் 'காரணி' என்ற எண்ணால் சரிசெய்யாத எண்ணை வகுப்பார்கள். ஒரு வாரத்தின் காரணி 0.85 என்று வைத்துக்கொள்வோம். சரிசெய்யாத எண் 2 இலட்சமாக இருந்தால் 0.85ஆல் வகுக்கும்போது ஏறத்தாழ 2,35,000 கிடைக்கும், கூடுவது 35,000. அதே காரணியை 10 இலட்சத்துக்குப் பயன்படுத்தினால் 1,76,000 கூடிவிடும். கொரோனாவால் மூடிய உணவகங்களுக்கும் பருவகால வழக்கத்துக்கும் தொடர்பே இல்லாதபோது, இல்லாத ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்களைக் கணிதம் உண்டாக்கிவிட்டது. 2020 ஆகஸ்ட் 29 அன்று முடிந்த வாரத்திலிருந்து தொழிலாளர் துறை, வகுக்காமல் ஒரு குறிப்பிட்ட எண்ணைக் கூட்டவோ கழிக்கவோ செய்யும் கூட்டல் முறைக்கு மாறியது. அந்த மாற்றம் நிகழ்ந்த வாரத்தின் எண்ணை முந்தைய வாரத்தோடு ஒப்பிட்டுப் பெரும் வீழ்ச்சி என்று எழுதிய தலைப்புகள் எனக்கு இன்றும் வருத்தம் தருகின்றன.

கேள்வி (டல்லஸ்): 2025 செப்டம்பரில் எங்கள் டெக்சாஸால்தான் எண்ணிக்கை ஏறியது என்றார்கள். இங்கே அவ்வளவு பேர் வேலையிழந்ததாகத் தெரியவில்லையே?

நீங்கள் கண்டது சரி. செப்டம்பர் 6 அன்று முடிந்த வாரத்தில் தேசிய எண் 2,63,000 என வந்தது. உயர்வின் பெரும்பகுதி டெக்சாஸிலிருந்து வந்திருந்தது. பிறருடைய அடையாளங்களைத் திருடிப் பணம் பெற முயன்றோரின் போலி விண்ணப்பங்கள் பெருகியதை மாநில அலுவலகம் பின்னர் உறுதிப்படுத்தியது. அடுத்த வாரமே எண் 2,31,000க்கு இறங்கியது. 2023 மே மாதத்தில் மாசசூசெட்சிலும் இதுவே நடந்தது. தேசிய எண் திடீரென எழும்பினால் முதலில் மாநில அட்டவணையைத் திறந்து, ஒரே மாநிலத்தால் வந்த உயர்வா என்று பார்க்க வேண்டும்.

கேள்வி (கோவை): இந்த வாரம் உயர்ந்திருக்கிறதே, மந்தநிலை வருமா?

சென்னை நண்பருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள். நான்கு வாரச் சராசரி.

கேள்வி (நியூ ஜெர்சி): எச்-1பி விசாவில் இருக்கும் என் வேலை போய்விட்டது. நான் விண்ணப்பிக்கலாமா?

இது புள்ளிவிவரக் கேள்வி அன்று. ஆனால் அவசரமானது என்பதால் சொல்கிறேன். உதவித்தொகை பெறுபவர் வேறு வேலையில் உடனே சேரச் சட்டப்படி ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பது பொது விதி. எச்-1பி அனுமதி குறிப்பிட்ட நிறுவனத்தோடு பிணைந்தது என்பதால் அந்த விதியில்தான் பெரும்பாலானவர்களுக்குத் தடை ஏற்படுகிறது. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் தனி வேலை அனுமதி அட்டை உள்ளவர்களுக்கும் இந்தத் தடை பொதுவாக இல்லை. முடிவு செய்வது மாநிலம். அலுவலகத்திடமும் குடிவரவு வழக்கறிஞரிடமும் இன்றே கேளுங்கள். வேலை போனபின் வேறு நிறுவனத்துக்கு மாறவோ நாட்டைவிட்டுப் புறப்படவோ உங்களுக்கு உள்ள அவகாசம் அதிகபட்சம் 60 நாள்.

கேள்வி (சிங்கப்பூர்): இந்த எண்ணே செத்துவிட்டது என்பேன். பெரிய மென்பொருள் நிறுவனங்கள் ஆயிரக்கணக்கில் ஆட்களை நீக்கியபோதும் இது அசையவில்லையே?

மதுரை மாணவர் இதற்கு ஒரு மறுப்பு எழுதியிருந்தார்: நிறுவனங்களின் அறிவிப்பு வேறு, உண்மையான வேலையிழப்பு வேறு. அவரோடு நான் பெரும்பாலும் உடன்படுகிறேன். 2023 ஜனவரியில் கூகுளின் தாய் நிறுவனம் 12,000 பேரை நீக்குவதாக அறிவித்தது. மைக்ரோசாஃப்ட் 10,000 என்றது. கோரிக்கைகள் சுமார் 2 இலட்சம் அளவிலேயே நின்றன. ஆனால் அமெரிக்காவில் சாதாரணமான ஒரு மாதத்திலேயே 15 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலையிலிருந்து நீக்கப்படுகிறார்கள். அந்த அளவில் 12,000 என்பது ஒரு நாள் கணக்குக்கும் குறைவு; அதுவும் உலகெங்கும் உள்ள ஊழியர்களைச் சேர்த்த கணக்கு. பணிநீக்க இழப்பீடு பெறுபவர்கள் சில மாநிலங்களில் அது தீரும்வரை உதவித்தொகை பெற முடியாது; அதனாலும் விண்ணப்பம் தள்ளிப்போகிறது.

சிங்கப்பூர் நண்பர் மீண்டும் எழுதினார்: அப்படியானால் வேலையிழந்தவர்களில் பெரும்பாலோரை இந்த எண் காணவே இல்லை என்று ஒப்புக்கொள்கிறீர்களா?

ஒப்புக்கொள்கிறேன், என்னை மிகவும் வருத்துவதும் அதுவே. கடந்த 12 மாதங்களில் வேலை பார்த்துப் பின் வேலையின்றி இருந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் மூவர் விண்ணப்பிக்கவே இல்லை என்று தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகத்தின் தனி ஆய்வுகள் காட்டின. தங்களுக்குத் தகுதி இல்லை என்ற எண்ணமே அவர்கள் மிகுதியாகச் சொன்ன காரணம். வாடகைக் கார் ஓட்டுபவர்களும் ஒப்பந்தத்தில் சொந்தமாக வேலை செய்பவர்களும் வழக்கமான திட்டத்துக்கு வெளியே இருக்கிறார்கள். 2020இல் அவர்களுக்கென ஒரு தற்காலிகத் திட்டம் வந்தது. 2021 செப்டம்பரில் அது முடிந்தது. ஆனாலும் விண்ணப்பிப்போரின் பங்கு வாரத்துக்கு வாரம் பெரிதாக மாறுவதில்லை; ஆகவே அளவைச் சொல்லத் தவறினாலும் திசையைச் சொல்ல இந்த எண் தவறுவதில்லை. 2008 முழுவதும் ஏறிக்கொண்டே சென்று 2009 மார்ச்சில் 6,65,000ஐத் தொட்ட கோட்டைப் பார்த்தவர் இதைச் செத்த எண் என்று சொல்லமாட்டார்.

கேள்வி (சேலம்): இந்தியாவில் இப்படி ஒரு வார எண் உண்டா?

இல்லை. தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் (இ.எஸ்.ஐ.) உள்ளவர்கள் வேலையிழந்தால் அடல் பீமித் வியக்தி கல்யாண் திட்டத்தின் கீழ் 90 நாள்வரை உதவி உண்டு. அதுகுறித்துத் தனியே கேளுங்கள்.

கேள்வி (ஈரோடு): இந்த வாரம் குறைந்திருக்கிறது. நல்ல செய்திதானே?

நான்கு வாரச் சராசரியைப் பார்த்தீர்களா? சரிசெய்யாத எண்ணையும் மாநில அட்டவணையையும் பார்த்தீர்களா? இதே கேள்வி பல வடிவங்களில் வந்துவிட்டது. இனி இதற்குத் தனியே பதில் எழுதமாட்டேன்.

கேள்வி (மதுரை, மீண்டும்): தொடர் கோரிக்கைகள் குறைந்தால் மக்களுக்கு வேலை கிடைத்துவிட்டது என்று பொருளா?

இன்றைய கேள்விகளில் இதுவே எனக்கு மிகவும் பிடித்தது. வேலை கிடைத்தவரும் பட்டியலிலிருந்து நீங்குகிறார். உதவித்தொகைக் காலம் முடிந்தவரும் நீங்குகிறார். வெளியாகும் மொத்த எண்ணை மட்டும் பார்த்து இருவரையும் பிரிக்க முடியாது. பெரும்பாலான மாநிலங்களில் அதிகபட்சம் 26 வாரம். ஃப்ளோரிடாவில் வேலையின்மை குறைவாக உள்ள காலத்தில் 12 வாரமே. அங்கே ஜனவரித் தொடக்கத்தில் வேலையிழந்து உதவித்தொகை பெறத் தொடங்கியவர், வேலை கிடைக்காமலேயே ஏப்ரலில் கணக்கிலிருந்து மறைந்துவிடுவார். அந்த மாநிலத்தின் எண் இறங்கும்போது, உதவிக்காலம் முடிந்தவர்கள் எத்தனை பேர் என்று தொழிலாளர் துறை மாதந்தோறும் தரும் தனி அட்டவணையையும் எடுத்துவைத்துக்கொண்டு படியுங்கள்.