மச்சான் சொல்லும் ஐ7

கேள்வி: மகளுக்கு காலேஜுக்காக லேப்டாப் வேண்டும். பழைய ஐ7 ஒன்றும் ஐ5 ஒன்றும் ஒரே விலைக்கு வருகின்றன. துபாயில் இருக்கும் மச்சான், "ஐ7 தவிர வேறு எதையும் தொடாதே" என்கிறார். எதை எடுக்கட்டும்?
– வாசகர், கீழக்கரை

பதில்: ஐ7, ஐ5 என்பதெல்லாம் லேப்டாப்பின் மூளையான ப்ராசஸருக்கு இன்டெல் கம்பெனி வைத்த பெயர். இரண்டின் முழு நம்பரையும் கேளுங்கள். ஐ7-க்குப் பின்னால் 7500யு என்று இருந்தால், அது 2016-ல் வந்தது, இரண்டே கோர் (கோர் என்றால் ப்ராசஸருக்குள் வேலை செய்யும் பகுதி). ஐ5-க்குப் பின்னால் 8250யு என்றால் 2017, நான்கு கோர். விண்டோஸ் 11-க்கு ஏற்றவை என்று மைக்ரோசாஃப்ட் போட்ட பட்டியலில் 8250யு இருக்கிறது, 7500யு இல்லை. அப்புறம் மச்சானுக்கு என்ன பதில் சொல்வது என்பது உங்கள் பாடு.

ராமநாதபுரத்தில் என் சர்வீஸ் மேஜைக்கு வருகிறவர்கள் முதலில் ஸ்டிக்கரைத்தான் காட்டுவார்கள். "அண்ணே, ஐ7ண்ணே இது, ஏன் இப்படி இழுக்குது?" கடைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஆட்கள் எதைக் கேட்கிறார்களோ அதைத்தான் கம்பெனி பெரிதாக எழுதும். எல்லோரும் கிகாஹெர்ட்ஸ், அதாவது ப்ராசஸரின் துடிப்பு வேகம், கேட்ட 2001-ல், இன்டெலின் போட்டிக் கம்பெனி ஏஎம்டி தன் 1.53 கிகாஹெர்ட்ஸ் அத்லான் ப்ராசஸருக்கு, 1.8 என்று தோன்றும்படி, 1800+ என்று பெயர் வைத்தது. (வேலையில் அது சோடை போகவில்லை என்பது வேறு விஷயம்.) 2022-ல் வந்த அதே ஏஎம்டியின் ரைசன் 5 7520யு புதுசு போலத்தான் தெரியும், உள்ளே இருப்பது 2019-ன் ஜென் 2 என்ற பழைய வடிவமைப்பு, நான்கு கோர். பக்கத்திலேயே இருக்கும் 7530யு-வில் ஜென் 3, ஆறு கோர். எந்த ஜென் என்று சொல்லும் அந்த மூன்றாவது இலக்கத்தை யார் பார்க்கிறார்கள்?

பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். மண்டபம் ஊரில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் தம்பி ஒருவர், ஒரு மணி நேர வீடியோ எத்தனை நிமிஷத்தில் வெளியே வரும் என்று மட்டும்தான் கேட்பார். பெயரைச் சொல்லி அவரிடம் எதையும் விற்க முடியாது. சர்வர் வாங்கும் பெரிய நிறுவனங்கள் இன்னும் கறார். தங்கள் வேலையை அதில் ஓட்டிப் பார்த்து, கரண்ட் பில்லையும் கணக்குப் போட்ட பிறகுதான் ஆர்டர். ஸ்டிக்கர் வியாபாரமெல்லாம் நம்மைப் போல வீட்டுக்கு ஒன்று வாங்குகிறவர்களிடம்தான்.

சரி, கடைக்குப் போனால் செட்டிங்ஸில் 'சிஸ்டம்', அதில் 'அபவுட்' திறந்து நம்பரை நீங்களே பாருங்கள். பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் வேகமான எஸ்எஸ்டி இருக்கிறதா என்றும் கேளுங்கள். நம் பக்கத்து உப்புக்காற்றுக்கு இன்னொரு சோதனையும் உண்டு: யுஎஸ்பி துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பச்சை பூத்திருந்தால் விலைகூடக் கேட்காமல் வந்துவிடுங்கள்.